நீலச்சிறகி: டிசம்பரில் ஆணைத் தேடாதீர்கள்

டிசம்பர் மாதம் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் முதல்முறையாகப் பைனாகுலர் பிடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுவார்கள். போன வருடம் எங்கள் குடியிருப்பில் ஒன்பதாவது படிக்கும் பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணா, இவ்ளோ வாத்து இருக்கு, எல்லாமே பெட்டையா? ஆண் ஒண்ணுகூட வரலையா?” அவன் கையிலிருந்த பறவைக் கையேட்டில், கண்ணுக்கு மேலே வெள்ளைப் பிறை வரைந்தாற்போல ஓர் ஆண் வாத்தின் படம். எதிரே தண்ணீரில் முந்நூறுக்குக் குறையாத பழுப்பு வாத்துகள். பிறை வைத்தது ஒன்றும் இல்லை.

ஆணும் வந்திருந்தது. அவன் பார்த்த கூட்டத்திலேயே நிறைய ஆண்கள் இருந்திருக்கும். படத்தில் போட்டிருக்கும் சட்டையை அவை அப்போது போட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வாத்தின் பெயர் நீலச்சிறகி. புதிதாகப் பறவை பார்க்க வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். பூநாரையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது தானே காட்டிக்கொள்ளும். நீலச்சிறகி அப்படியில்லை. படத்தை மட்டும் நம்பித் தேடினால் ஏமாற்றிவிடும். மாதத்தையும் முகத்தையும் பார்த்துத் தேடினால் சுலபமாகச் சிக்கும்.

பெயரும் அளவும்

ஆங்கிலத்தில் கார்கனி என்பார்கள். கொக்கிலிருந்து கோட்டான் வரை உலகத்துக்கே அறிவியல் பெயர் வைக்கப் புறப்பட்ட லின்னேயஸ், 1758-லேயே இதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார். நம் ஏரிக்கரைக்காரர்களுக்கு இந்தப் பிரிவினையெல்லாம் தேவைப்பட்டதில்லை. பெரும்பாக்கம் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டபோது, “எல்லாம் சிறகிதாம்பா” என்று முடித்துக்கொண்டார். அவர் சொன்னதும் தப்பில்லை. தமிழில் சின்ன வாத்துகள் பலவற்றுக்குச் சிறகி என்ற பொதுப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அளவு என்று பார்த்தால், அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 37 முதல் 41 சென்டிமீட்டர். எடை 300 முதல் 400 கிராம் சொச்சம். வளர்ந்த நாட்டுக்கோழியின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இது எங்கிருந்து வருகிறது என்பதை அப்புறம் பார்ப்போம்.

பெயரில் இருக்கும் நீலத்தை, தண்ணீரில் மிதக்கும் பறவையிடம் தேடாதீர்கள். ஆண் பறக்கும்போதுதான் தெரியும்: இறக்கையின் முன்பாதி வெளிர் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் பளிச்சிடும். இறக்கையின் பின்பகுதியில் பச்சை மினுக்கும் ஒரு பட்டை, அதற்கு இருபுறமும் வெள்ளைக் கரை. பெட்டைக்கு இந்த நீலம் கிடையாது, மங்கலான சாம்பல் பழுப்புதான்.

சட்டை மாற்றும் கதை

சரி, டிசம்பரில் ஆணுக்குப் பிறை ஏன் இல்லை?

காகமோ மைனாவோ இறக்கையின் பெரிய இறகுகளை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்துப் புதுப்பிக்கும். எப்போதும் பறக்க முடியும். வாத்துகளின் வழி வேறு. இனப்பெருக்கம் முடிந்த கையோடு பறக்கும் இறகுகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் உதிர்த்துவிடும். புதியவை வளர மூன்று நான்கு வாரமாகும். அதுவரை பறக்கவே முடியாது. நாணலுக்குள் பதுங்கித்தான் நாளைக் கடத்த வேண்டும். அந்த நிலையில் வெள்ளைப் பிறையும் பளபளப்புமாக உலவினால் நரிக்கும் பருந்துக்கும் கொண்டாட்டம். அதனால் ஆணின் உடம்பு இறகுகளும் சேர்ந்து மாறிவிடும். பெட்டையைப் போலவே பழுப்பு, புள்ளி, கோடு என்று கண்ணுக்குப் படாத உடை.

எல்லா வடக்கத்தி வாத்துகளும் இதைச் செய்கின்றன. ஆனால் ஊசிவால் வாத்தும் கிளுவையும் அந்தப் பழுப்பு உடையைச் சீக்கிரமே கழற்றிவிடும். நவம்பர், டிசம்பரில் பார்த்தால் ஊசிவால் ஆண் பளிச்சென்று மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும். நீலச்சிறகி ஆண் மட்டும் சோம்பேறி. ஜனவரி வரைகூட அதே பழுப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். முழுக் கோலத்தில் பார்க்கப் பிப்ரவரி, மார்ச் வரை காத்திருக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கும் படம் அந்த மார்ச் மாதத்து ஆண்.

பழுப்பு உடையில் இருக்கும் ஆணைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. உடம்பு உடை மாறினாலும் இறக்கையின் நீலச்சாம்பல் மாறாது. எனவே கூட்டம் எழும்பும் வரை பொறுமையாக இருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தால் போதும், மொத்தக் கூட்டமும் ஒரே உதறலில் எழும்பும். அந்த நேரத்தில் யார் ஆண், யார் பெட்டை என்பது இறக்கையில் எழுதியிருக்கும். பருந்து வராவிட்டால் இன்னொன்று: தூங்கி எழுந்த வாத்து ஒரு பக்க இறக்கையையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிக்கும். அந்த இரண்டு நொடிக்குள் பார்த்துவிட வேண்டும். நான் இதற்காகவே அரை மணி நேரம் ஒரே வாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

கன்னத்தில் பட்டை போட்ட வாத்து

ஆணா பெட்டையா என்பதை விட்டுவிடுங்கள். இது நீலச்சிறகிதானா என்பதை எப்படித் தீர்மானிப்பது? முகத்தைப் பாருங்கள்.

நெற்றியில் விபூதி பட்டையாகப் பூசியவரைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதைக் கன்னத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். மேலே கருத்த உச்சந்தலை. அதன் கீழே வெளிறிய புருவக் கோடு, தெளிவாக நீளமாக இருக்கும். அடுத்து அலகிலிருந்து கண்ணை ஊடுருவிப் பின்னால் ஓடும் கருங்கோடு. அதன் கீழே இன்னொரு வெளிறிய பட்டை. அதற்கும் கீழே கன்னத்தின் குறுக்கே இன்னொரு மங்கிய கருங்கோடு. தொண்டை வெளுப்பு. இதோடு அலகு தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. கருப்பு, வெளுப்பு, கருப்பு, வெளுப்பு என்று முகம் முழுக்கக் கோடு கோடாகத் தெரிந்தால் அது நீலச்சிறகி. பெட்டைக்கும் பழுப்பு உடை ஆணுக்கும் இது பொது. அலகும் காலும் அழுக்குச் சாம்பல் நிறம், அதில் எந்தக் கவர்ச்சியும் இல்லை.

இங்கேதான் கிளுவையோடு குழப்பம் வரும். கிளுவை என்றதும் வேலியில் நட்டு வைக்கும் மரம் சிலருக்கு நினைவுக்கு வரலாம். நான் சொல்வது அதே பெயருள்ள வாத்தை. நீலச்சிறகியைவிடக் கொஞ்சம் சின்னது, 34 முதல் 38 சென்டிமீட்டர். இந்தச் சில சென்டிமீட்டர் வித்தியாசத்தை நூறு மீட்டருக்கு அப்பால் அளக்க முடியாது, முயலவும் வேண்டாம். கிளுவைப் பெட்டையின் முகம் வெறுமையாக இருக்கும்: கண்ணை ஒட்டி ஒரு கருங்கோடு, அத்தோடு சரி. அலகடியில் வெள்ளைப் பொட்டு இல்லை, கன்னக் கோடும் கண்ணில் படாது. அதற்குப் பதில் வால் ஓரத்தில் வெண்ணெய் நிறத்தில் ஒரு சின்னக் கீற்று இருக்கும். கிளுவை ஆண் குளிர்காலத்திலேயே செம்பழுப்புத் தலையும் கண்ணைச் சுற்றிப் பச்சைத் திட்டுமாக வந்துவிடும், அதில் சந்தேகமே வராது.

நான் இதில் மாட்டியிருக்கிறேன். பறவை பார்க்கத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் ‘கிளுவை, 40’ என்று பட்டியலில் எழுதி, பெருமையாக நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் என் புகைப்படத்தைப் பெரிதாக்கி, “இந்தக் கன்னத்துல என்ன கோடு?” என்று மட்டும் கேட்டார். நாற்பதும் நீலச்சிறகி. அவர் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவுகிறது: தென்னிந்தியாவில் கிளுவையைவிட நீலச்சிறகி பல மடங்கு அதிகம். சென்னைப் பக்கம் சின்னப் பழுப்பு வாத்துக் கூட்டத்தைப் பார்த்தால் முதல் ஊகம் நீலச்சிறகியாகவே இருக்கட்டும். கிளுவை என்று சொல்லத்தான் ஆதாரம் வேண்டும்.

மற்றவற்றைச் சட்டென்று தள்ளிவிடலாம். ஊசிவால் வாத்து பெரியது. கழுத்து நீளம், வால் கூர்மை, பெட்டைக்கும் அப்படித்தான். தட்டைவாயனுக்கு அலகு நுனி விரிந்து கரண்டி போல இருக்கும், தூங்கும்போது முதுகில் செருகியிருந்தால் மட்டும் குழப்பும். புள்ளிமூக்கு வாத்து கிட்டத்தட்ட வீட்டு வாத்து அளவு, அலகு நுனியில் மஞ்சள் பளீரென்று தெரியும். சீழ்க்கைச்சிறகி இங்கேயே ஆண்டு முழுக்க வாழ்வது. செம்பழுப்பு உடம்பு, நீண்ட கழுத்து, பறக்கும்போது ஓயாமல் விசிலடிக்கும். குள்ளத்தாரா நீலச்சிறகியைவிடவும் குட்டி, வெள்ளை அதிகம். அப்புறம் ‘குட்டி வாத்து’ என்று பலர் காட்டுவது முக்குளிப்பானை. அது வாத்தே இல்லை. தண்ணீருக்குள் முழுசாக மூழ்கி வேறெங்கோ தலைகாட்டினால் நீலச்சிறகியாக இருக்காது என்று நிச்சயமாகச் சொல்லலாம். நீலச்சிறகி இரைக்காக மூழ்குவதில்லை.

தட்டைவாயனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. நீலச்சிறகியை நெடுங்காலம் கிளுவையோடும் ஊசிவாலோடும் சேர்த்து அனாஸ் என்ற பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அதை எடுத்துத் தட்டைவாயனோடு ஸ்பாட்டுலா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். மிதக்கும்போது இரண்டையும் பார்த்தால் உறவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பறக்கும்போது பார்த்தால் தட்டைவாயன் ஆணுக்கும் அதே இடத்தில் நீலம்! எனவே இறக்கை நீலத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அலகையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிடும், எப்போது தூங்கும்

காலை பத்து மணிக்கு மேல் போனால், நடுத்தண்ணீரில் தலையை முதுகில் செருகிக்கொண்டு தூங்கும் உருண்டைகளைத்தான் பார்க்க முடியும். “சும்மா தூங்குதுங்க, என்னத்தைப் பாக்குறது?” என்று பலர் கிளம்பிவிடுவார்கள். நீலச்சிறகிக்கு அது இரவு வேலை முடித்து வந்த நேரம்.

இருட்டத் தொடங்கியதும் சின்னச் சின்னக் கூட்டமாகப் புறப்பட்டு ஆழமில்லாத சதுப்புகளுக்கும் நெல் வயல்களுக்கும் போகும். விடியலில் திரும்பும். சிந்திய நெல், புல் விதை, நீர்ச்செடி, புழு, நத்தை, சின்ன ஓட்டு உயிர்கள் என்று கிடைப்பதைத் தின்னும். வளரும் பயிரை மிதித்துவிடுவதாக விவசாயிகளுக்கு இதன் மேல் கோபமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். பகலில் திறந்த நீர்ப்பரப்பின் நடுவில் கூட்டமாக ஓய்வெடுப்பதற்குக் காரணம் எளிது: கரையிலிருந்து நாயோ நரியோ வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

வாத்துகளின் தூக்கமும் நம் தூக்கம் மாதிரி இல்லை. மல்லார்டு என்ற வாத்தை வைத்துச் செய்த ஆய்வில், கூட்டத்தின் ஓரத்தில் தூங்குபவை வெளிப்பக்கக் கண்ணைத் திறந்து வைத்து மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிடுவதைக் கண்டார்கள். கூர்க்கா வேலைக்கு இதைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். அடுத்த முறை தூங்கும் வாத்துக் கூட்டத்தைப் பார்க்கும்போது ஓரத்தில் இருப்பவற்றின் கண்ணைக் கவனியுங்கள்.

அலகின் உள்விளிம்பில் வரிசையாகச் சீப்புப் பல் போன்ற மெல்லிய தகடுகள் இருக்கும். சேற்று நீரை வாயில் வாங்கி, நாக்கால் வெளியே தள்ளினால் விதையும் பூச்சியும் இந்தச் சீப்பில் தங்கிவிடும். டீ வடிகட்டிதான். நீலச்சிறகி பெரும்பாலும் நீந்திக்கொண்டே தலையைத் தண்ணீருக்குள் விட்டு இப்படி வடிகட்டும். பின்புறத்தைத் தூக்கித் தலைகீழாகக் குத்தி நிற்பதும் உண்டு, ஆனால் அதில் கெட்டிக்காரர் நீண்ட கழுத்துள்ள ஊசிவால்தான். தட்டைவாயன் மேல்பரப்பைப் பெருக்குவது போல அலகை இருபுறமும் அசைத்துக்கொண்டே போகும். ஒரே ஏரியில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் மேய்ந்தாலும் சண்டை அதிகம் வராததற்கு இது ஒரு காரணம். ஒருவர் ஆழத்தில், ஒருவர் நடுவில், ஒருவர் மேலாப்பில்.

இப்போது சென்னைக்காரர்களுக்கான விஷயத்துக்கு வருகிறேன். இரைக்காக மூழ்காத இந்த வாத்துக்குக் கழுத்து எட்டும் ஆழம்தான் சாப்பாட்டு மேசை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும். பெரிய மழை பெய்த வாரம் பள்ளிக்கரணை கடல் போல நிறைந்திருக்கும், நாமும் “தண்ணி நெறைய இருக்கு, வாத்து நெறைய இருக்கும்” என்று கிளம்புவோம். போனால் ஏமாற்றம். ஆழம் கூடிவிட்டதால் அவை செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் சிதறிப் போயிருக்கும். ஜனவரிக்கு மேல் தண்ணீர் வற்ற வற்ற, முழங்கால் அளவுள்ள இடங்கள் குறைந்துகொண்டே வரும். பரந்து கிடந்த கூட்டம் மிச்சமிருக்கும் தண்ணீருக்குத் திரும்பும். பிப்ரவரியில் இரண்டு ஏரியில் இருந்த வாத்துகள் ஒரே குட்டையில் நெருக்கியடித்து நிற்பதைப் பார்க்கலாம். ஆண்கள் கோலம் கட்டும் காலமும் அதேதான். என்னைக் கேட்டால் நீலச்சிறகிக்கு நல்ல மாதம் பிப்ரவரி, டிசம்பர் இல்லை.

எங்கிருந்து வருகிறது

நீலச்சிறகி முழுக்க முழுக்க வலசைப் பறவை. ஊசிவாலிலும் கிளுவையிலும் ஒரு பகுதி ஐரோப்பாவின் மிதமான இடங்களிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிடும். இது அப்படித் தங்காது. ஐரோப்பாவிலிருந்து சைபீரியா தாண்டிக் கிழக்கு ஆசியா வரை பரந்திருக்கும் புல்வெளி நீர்நிலைகளில் முட்டையிட்டு, குளிருக்கு முன்பே ஆப்பிரிக்காவுக்கும் தெற்காசியாவுக்கும் கிளம்பிவிடும். பிரிட்டனில் இதற்குக் கோடைக் கிளுவை என்றே ஒரு பழைய பெயர். அவர்களுக்குக் கோடை விருந்தாளி, நமக்கு மார்கழி விருந்தாளி.

அங்கே கோடை குறுகியது, அதனால் அவசரம். நீர்க்கரையை ஒட்டிய புல்லுக்குள் குழி பறித்து, பெட்டை தன் மார்புத் தூவியை மெத்தையாக்கி எட்டு ஒன்பது முட்டைகள் இடும். மூன்று வாரம் அது மட்டும் அடைகாக்கும். ஆண் பாதியிலேயே கழன்றுகொண்டு, மேலே சொன்ன இறகுதிர்ப்புக்குப் போய்விடும். குஞ்சுகள் ஐந்தாறு வாரத்தில் பறக்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் நீலச்சிறகிக் கூட்டைத் தேடுவது வீண் வேலை. யாராவது மே மாதத்தில் சென்னை ஏரியில் குஞ்சுகளோடு பார்த்தேன் என்றால் அது பெரும்பாலும் சீழ்க்கைச்சிறகியோ புள்ளிமூக்கோதான்.

இந்தியாவுக்கு வருபவை மத்திய ஆசிய வலசைப் பாதை என்று சொல்லப்படும் வான்வழியில் வருகின்றன. ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொடும் பாதை அது. இதெல்லாம் ஊகமாக இருந்த காலம் உண்டு. 1960-களில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் ராஜஸ்தானின் பரத்பூர் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான பறவைகளுக்குக் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விட்டது. அவற்றில் நீலச்சிறகி உட்படச் சில வாத்துகள் அப்போதைய சோவியத் நாட்டில் வேட்டைக்காரர்கள் கையில் அகப்பட்டன. வளையத்தில் இருந்த முகவரிக்குத் தகவல் திரும்பி வந்தது. ஒரு தபால் அட்டை சொன்ன செய்தியை வைத்துத்தான் வரைபடத்தில் கோடு போட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத் தீர்வதில்லை.

பயணம் பெரும்பாலும் இரவில். புறப்படும் முன் நன்றாகத் தின்று தோலுக்கடியில் கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும், அதுதான் வழிச்செலவு. பகல் நீளம் மாறுவதுதான் புறப்பாட்டுக்கான மணி. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், நமக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சிறு மாற்றத்தையும் உடம்பில் கணக்கு வைத்துக்கொண்டு, மார்ச்சில் அமைதியிழக்கத் தொடங்கிவிடுகின்றன.

வலசை வாத்துகளில் முதலில் வருபவற்றில் நீலச்சிறகி ஒன்று. நாட்டின் வடக்கே ஆகஸ்டிலேயே முதல் கூட்டங்கள் இறங்கிவிடும். நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் எண்ணிக்கை கூடும். ஏப்ரலில் பெரும்பாலானவை கிளம்பியிருக்கும், சில மந்தமானவை மட்டும் பாக்கி.

எங்கே நிற்பது

பள்ளிக்கரணை சதுப்புநிலம்தான் பலருக்கும் கைக்கெட்டும் இடம். 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் உள்ள பரப்பு ஏறத்தாழ 1,250 ஹெக்டேர். ஒருபுறம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, மறுபுறம் ஐடி கட்டடங்கள். இவற்றுக்கு நடுவே கஜகஸ்தான் பக்கத்திலிருந்து வந்த வாத்து எப்படி இறங்கியது என்று முதல்முறை பார்க்கிறவர்கள் கேட்பார்கள். மேலிருந்து பார்க்கும் பறவைக்கு ஆழமில்லாத தண்ணீர் தெரிந்தால் போதும் போலிருக்கிறது.

வெளிச்சத்தைக் கொஞ்சம் யோசித்து நில்லுங்கள். துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், சாலையிலிருந்து வடக்கு நோக்கிப் பார்த்தால் வெயில் முதுகுப் பக்கம் விழும், கன்னக் கோடு தெளிவாகத் தெரியும். தெற்கே பார்த்தால் எல்லாமே கருப்பு நிழல்தான். அந்தச் சாலையில் லாரி பறக்கும், வண்டியை ஓரத்தில் சொருகிவிட்டு நிற்கும் எண்ணம் வேண்டாம்; நடைபாதையிலேயே நில்லுங்கள். வேளச்சேரி–தாம்பரம் சாலைப் பக்கம் போனால் சதுப்பு கிழக்கே இருக்கும், அதனால் அங்கே மாலைதான் சரி. பெரும்பாக்கம், சிறுதாவூர் ஏரிகள், கேளம்பாக்கம் காயல் இவற்றிலும் தேடலாம். ஒரு நாள் கையில் இருந்தால் வடக்கே பழவேற்காடு, தெற்கே வேடந்தாங்கலும் அதையொட்டிய கரிக்கிலியும். வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் மரத்தில் கூடு கட்டியிருக்கும் நாரையையும் கூழைக்கடாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தண்ணீர் நடுவில் மிதப்பதையும் ஒருமுறை பாருங்கள்.

8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்குவது) ஒன்று போதும். கிட்டே போக வேண்டும் என்ற ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். படத்துக்காகக் கல்லெறிந்து கூட்டத்தைப் பறக்க விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போகச் சேமிக்கும் கொழுப்பைத்தான் ஒவ்வொரு முறையும் அது செலவழிக்கிறது. வேட்டை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஜனவரியில் பொங்கல் விடுமுறையையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால் பக்கத்தில் நின்று சொல்லித்தர யாராவது இருப்பார்கள்.

அந்தப் பையனை மார்ச் முதல் வாரம் மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் பாதியாகச் சுருங்கியிருந்தது. பைனாகுலரை வைத்ததும், “அண்ணா, பிறை!” என்றான். சாக்லேட் பழுப்புத் தலையில் வெள்ளைப் பிறை, பக்கவாட்டில் சாம்பல், முதுகிலிருந்து கருப்பும் வெள்ளையுமாகத் தொங்கும் நீண்ட இறகுகள். ஆண்கள் பெட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. இணை சேர்வது பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும், ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் முட்டை வேலைதான். ஓர் ஆண் தலையைப் பின்னுக்குச் சாய்த்து முதுகில் படும்படி வளைத்து ஒரு சத்தம் எழுப்பியது. வாத்துச் சத்தமாகவே இல்லை; வறட்டுக் கரகரப்பு, பிளாஸ்டிக் சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டினாற்போல.

பையன் சட்டைப் பையில் இருந்த சீப்பை எடுத்து ஓட்டிப் பார்த்தான். அப்படியே இருந்தது. ரேடியல் சாலையில் யாரோ ஒருவர் வண்டியை மெதுவாக்கி, இவன் ஏன் சதுப்பைப் பார்த்துச் சீப்பைத் தேய்க்கிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.